பாவற்காய்ச் சாறும் கனடா மெடிக்கலும்

போன கிழமை பற்பசை வாங்குவதற்காகக் கொழும்பில் காலி வீதியிலுள்ள ஒரு மருந்துக்கடைக்குப் போயிருந்தேன். காசு கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், முன்பு இருமல் மருந்துகள் நின்ற அலமாரியில், இப்போது முழுக்க முழுக்கச் சீனி வருத்தக்காரருக்கான சாமான்கள். பாவற்காய்க் காப்சியூல், வெந்தயக் காப்சியூல், குறிஞ்சா மாத்திரை, நாவற்கொட்டைத் தூள். நான் அவற்றைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது. கடையில் நின்ற பிள்ளை என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, "அங்கிள், சுகருக்கா? இத எடுங்க, நல்லாப் போகுது. கைக்கவே கைக்காது" என்றாள்.

கைக்காத பாவற்காய்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போத்தலை வாங்கி மூக்குக்குக் கிட்டப் பிடித்தேன். ஒரு மணமும் இல்லை. பாவற்காயைச் சீவி, உப்பிட்டுப் பிசைந்து, துணியில் போட்டுப் பிழியும்போது ஒரு பச்சை மணம் எழும்பும். அது என் மூக்குக்குள் குடிவந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. காலை ஆறு மணிக்குப் பல்லும் விளக்காமல் நின்று நான் பிழிந்த சாறு அது. குடித்தது அம்மா.

அது சண்டைக்காலம், தொண்ணூறுகளின் பிற்பகுதி. நான் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தேன். வழக்குக் கோவைகளைத் திகதிவாரியாக அடுக்குவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நானே சொல்லிக்கொள்வேன், வேறு யாரும் சொல்லாத காரணத்தால். வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் பின்பக்கத்து அனெக்ஸில் இருந்தேன். ஓர் அறை, ஒரு குசினி, ரயில் போனால் கிலுகிலுக்கும் ஒரு யன்னல்.

அந்த ஒழுங்கையில் பாதிப் பேர் காத்திருப்பவர்கள். சிலர் லண்டனுக்கு, சிலர் ஜெர்மனிக்கு, மிச்சப் பேர் எல்லாரும் கனடாவுக்கு. ஊரிலிருந்து ஆள் வந்தால் பொலிசில் பதிய வேண்டும். படிவத்தில் "கொழும்பு வந்த காரணம்" என்றொரு கட்டம் இருக்கும். எல்லாரும் "வைத்தியம்" என்றே எழுதுவார்கள். அம்மா பருத்தித்துறையிலிருந்து கப்பலில் திருகோணமலை வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கொழும்பு வந்து இறங்கியபோது நானும் அப்படியே எழுதினேன். உண்மைக் காரணம் அண்ணா. ரொறன்ரோவில் இருந்த அண்ணா அம்மாவுக்கு ஸ்பொன்சர் செய்திருந்தார். அவருக்கு இரண்டு பிள்ளைகள். அம்மா இரண்டையும் படத்தில்தான் கண்டிருக்கிறார்.

அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா போன பிறகு ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்து எங்கள் இருவரையும் படிக்க வைத்தவர். இருபது வருடம் தராசுக்குப் பின்னால் நின்றதால், எதையும் கூட்டியும் பேசமாட்டார், குறைத்தும் பேசமாட்டார். கப்பலால் வந்த களைப்பில் இருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, இரண்டாம் நாள் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டினார். பெருவிரலுக்குக் கீழே ஒரு புண். முள் குத்தியது எப்போதென்றே அவருக்குத் தெரியாது.

"நோகேல்லையோ அம்மா?"

"நொந்தால் தெரிஞ்சிருக்குமே. உள்ளங்கால் ஒரே எரிவு, ஆனால் குத்தினது தெரியேல்லை."

காலி வீதியில் ஒரு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இரத்தம் பார்த்தார்கள். வெறும் வயிற்றில் இருநூற்று நாற்பது. டொக்டர் சின்ன வெள்ளை மாத்திரை தந்து, புண்ணுக்கு மருந்து கட்டி, சாப்பாட்டைக் கவனிக்கச் சொல்லி அனுப்பினார்.

செய்தி ஒழுங்கைக்குள் பரவ அரை மணித்தியாலம் போதுமாயிருந்தது. முன்வீட்டு மேல்மாடியில் இருந்த பரிமளம் அக்கா படியிறங்கி வந்து நெஞ்சில் கை வைத்தார். அவர் மூன்று வருடமாகக் கனடாவுக்குக் காத்திருப்பவர், ஆகவே அந்த விஷயத்தில் எங்களுக்கெல்லாம் அவர்தான் பேராசிரியர்.

"சீனியோ? ஐயோ தம்பி, மெடிக்கல்ல சீனி காட்டினால் துண்டா ரிஜெக்ட் பண்ணிப்போடுவாங்கள். அந்தா, பின் ஒழுங்கையில ஒரு மனுசன் திரும்பிப் போனது தெரியாதோ?"

எந்த மனுசன், எந்த ஒழுங்கை என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சாட்சியில்லாமல் ஒரு வரியையும் ஏற்றுக்கொள்ளாத அலுவலகத்தில் வேலை செய்கிறவன், அதை அப்படியே நம்பினேன். விசாவுக்கு முன் கனடாக்காரர் செய்விக்கும் உடற்பரிசோதனைதான் அந்த மெடிக்கல், அதற்கு ஏழு கிழமை இருந்தது. அதற்குள் சீனியை இறக்கிவிட வேண்டும், இறக்கிவிட்டு வருத்தமே இல்லாத ஆளாக அம்மாவைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். என்னால் முடியும் என்று எனக்கு ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை.

அந்த நாட்களில் ஒழுங்கையில் ஒருவருக்கு வருத்தம் என்றால் வீட்டுக்கு வீடு ஒரு வைத்தியம் கதவைத் தட்டும். ஒருவர் வெந்தயத்தை ஊறப்போடச் சொன்னார். இன்னொருவர் கீரிமலைப் பக்கத்திலிருந்து வந்த காய்ந்த குறிஞ்சா இலையைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்தார். என் அலுவலகத்தில் இருந்த ஜவ்பர் நானா ஒரு மரக்கோப்பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கொத்தல ஹிம்புட்டு என்று சிங்களத்தில் சொல்லும் கொடியின் மரத்தில் கடைந்தது. "ராவைக்கி தண்ணி ஊத்தி வெச்சிட்டு காலையில குடிக்கக் குடுங்க தம்பி. எங்கட உம்மாக்கு இதுலதான் கொறஞ்சிச்சி" என்றார். ஊற்றிய தண்ணீர் விடிய வெறும் தேயிலை நிறத்தில் இருக்கும். அண்ணாவும் விடவில்லை. கனடாவுக்குப் போய்வந்த ஒருவரிடம் ஒரு பெரிய போத்தல் கொடுத்தனுப்பினார். திறந்து பார்த்தால் கறுவாக் காப்சியூல். இங்கே சந்தையில் கட்டுக்கட்டாய்க் கிடக்கிற கறுவா, கப்பலேறிப் போய், சட்டை போட்டுக்கொண்டு, பிளேனில் திரும்பி வந்திருந்தது. அம்மா அதைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இதுவும் வெளிநாடு போனால்தான் மரியாதை போல" என்றார்.

நான் இவ்வளவையும் ஒழுங்குபடுத்தினேன். அலுவலகத் தட்டச்சில், நீளமான சட்டக் கடதாசியில், காபன் வைத்து இரண்டு பிரதி அடித்தேன். காலை ஐந்தே முக்கால், மரக்கோப்பைத் தண்ணீர். ஆறு, பாவற்காய்ச் சாறு. ஆறரை, வெந்தயம். ஏழு, மாத்திரை. ஏழேகால், குரக்கன் ரொட்டி ஒன்று, ஒன்று மட்டும். இப்படி இரவு வரை போகும். கீழே தடித்த எழுத்தில் "சீனி, சர்க்கரை, பனங்கட்டி, பழம் எக்காரணம் கொண்டும் கூடாது" என்று அடித்து அடிக்கோடும் போட்டேன். ஒரு பிரதி குசினிச் சுவரில், மற்றது என் சட்டைப்பையில். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை முழுவதும் வாசித்தார்.

"கையெழுத்து எங்க வைக்கிறது?" என்று கேட்டார்.

ஆனால் ஒன்றும் தவறவிடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மூச்சுவிடாமல், கோப்பையை ஒரே இழுவையில் முடிப்பார். அண்ணாவின் பிள்ளைகளின் படம் குசினி யன்னலில் சாத்தியிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டுதான் குடிப்பார். டொக்டரிடம் மட்டும் நாங்கள் இது எதையும் சொல்லவில்லை. இங்கிலிஷ் டொக்டர்மாருக்கு இதெல்லாம் பிடிக்காது, பேசுவார்கள் என்று பரிமளம் அக்கா சொல்லியிருந்தார். நானும் அதுதான் புத்தி என்று நினைத்தேன்.

மூன்றாம் கிழமை பரிமளம் அக்கா கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் சூரணம் விற்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். பெயரில்லாத தகரப்பேணி. வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும், சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்துக்கு வேறொன்றும் தொடக்கூடாது. முதல் பேணி முடிகிற நேரம், ஒரு சனிக்கிழமை அடுத்ததை வாங்க அம்மாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கோப்பைத் தண்ணீர் ஆயிற்று, சாறு ஆயிற்று, வெந்தயம் ஆயிற்று, மாத்திரை ஆயிற்று, பேணியில் மிஞ்சிய சூரணமும் ஆயிற்று. ரொட்டியைத் திரும்பி வந்து சாப்பிடலாம் என்று தள்ளி வைத்தேன். ஒரு மணித்தியால ஓட்டம்தானே.

கோட்டைக்குக் கிட்ட பஸ்ஸை மறித்தார்கள். எல்லாரும் இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். எங்கள் அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி, ஆகவே எங்களுக்கு வேறு வரிசை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு அட்டையில் சந்தேகம் வந்து வரிசை அப்படியே நின்றுவிட்டது. முக்கால் மணித்தியாலம் ஆகியிருக்கும். அம்மாவின் நெற்றியில் வியர்வை முத்துமுத்தாக நின்றது. வெயில் என்று நினைத்தேன். பிறகு அம்மா, ஒருநாளும் ஒரு வார்த்தை கூட்டிப் பேசாத அம்மா, முன்னால் நின்ற பொலிஸ்காரனைப் பார்த்து, "மூண்டு கொத்து அரிசி எண்டு எழுதியிருக்கு, ரெண்டுதான் தந்திருக்கிறியள்" என்று, சங்கக்கடையில் நிற்கிற நினைப்பில், சத்தமாகச் சொல்லத் தொடங்கினார்.

சோதனைச் சாவடியில் ஒரு தமிழ்ப் பொம்பிளை பொலிஸுடன் தமிழில் சண்டை பிடிக்கிறார். பொலிஸ்காரன் துவக்கைத் தோளில் சரிசெய்தான். "மொகத கியன்னே?" என்ன சொல்கிறார் என்று கேட்டான். நீதிமன்றத்தில் பொறுக்கிய என் சிங்களம் முழுவதும் அந்த நேரம் ஓடிவிட்டது. அம்மா என் தோளில் சரிந்தார்.

பெண்களைச் சோதிக்கிற சிறு கூடாரத்திலிருந்து ஒரு பொலிஸ் பெண் எட்டிப் பார்த்தாள். என்னைவிட இளையவள். வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள், கழுத்தைத் தொட்டாள். "தியவெடியாவத?" என்று கேட்டாள். சீனி வருத்தமா என்ற கேள்வி. ஓம் என்று தலையாட்டினேன். அவள் உள்ளே ஓடிப்போய்த் தன்னுடைய தேத்தண்ணீர்க் கோப்பையையும் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியையும் கொண்டுவந்தாள்.

இப்போது சொல்வதற்கும் வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். நான் அவளுடைய கையைத் தட்டிவிட்டேன். சீனி வருத்தக்காரிக்குக் கருப்பட்டியா? "எப்பா, எப்பா" என்று, வேண்டாம் வேண்டாம் என்று கத்தினேன். சட்டைப்பையிலிருந்த அட்டவணையை எடுத்து அவளுக்கு நீட்டினேன் என்றால் நம்புவீர்களா? அரை மயக்கத்திலும் அம்மா பல்லை இறுகக் கடித்துக்கொண்டு, "வேண்டாம், மெடிக்கல் இருக்கு" என்றார். நான் அடித்துக் கொடுத்ததைத்தான் அவர் சொன்னார்.

"ஓயாட்ட பிஸ்சுத?" என்றாள் அந்தப் பெண். உனக்குப் பைத்தியமா? என்னை ஒரு கையால் தள்ளிவிட்டு, நிலத்தில் குந்தி, அம்மாவின் தலையை மடியில் வைத்து, தாடையைப் பிடித்து வாயைத் திறந்தாள். கருப்பட்டியைத் தேத்தண்ணீரில் கரைத்து, விரலால் தொட்டுத் தொட்டு உள்கன்னத்தில் தடவினாள். "பொன்ன அம்மே, பொன்ன" என்று, குடியுங்கள் அம்மா என்று, சொல்லிக்கொண்டே இருந்தாள். விழுங்கத் தொடங்கியதும் மெல்ல மெல்லக் கோப்பையைச் சாய்த்தாள். தன்னுடைய தாய்க்கும் இப்படி வருவதுண்டு, சீனி இறங்கிவிட்டது, ஏறினாலும் பயம், இறங்கினால் அதைவிடப் பயம் என்று எனக்கு விளங்குகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். பத்து நிமிஷத்தில் அம்மா கண்ணைத் திறந்தார். முதலில் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "தேத்தண்ணிக்கு இனிப்புக் கூடிப்போச்சு பிள்ளை" என்றார். அவளுக்கு விளங்கவில்லை, சிரித்தாள். நான் அவளுடைய பெயரைக் கேட்கவில்லை. அவளுக்கு நன்றி சொன்னேனா என்பதும் நினைவில்லை.

சூரணம் வாங்கவில்லை. நேரே டொக்டரிடம் போனோம். அட்டவணையை மேசையில் வைத்தேன். மேலிருந்து கீழ்வரை வாசித்தார். பாதியில் சிரித்தார், முடிவில் சிரிப்பு நின்றுவிட்டது.

"தம்பி, நல்லா டைப் பண்ணியிருக்கிறீர். அம்மாவைக் கொல்லப் பாத்திருக்கிறீர்" என்றார்.

அம்மாதான் எனக்காகப் பேசினார். "அவன் ஒழுங்கான பிள்ளை டொக்டர். ஒழுங்கு கொஞ்சம் கூடிப்போச்சு."

டொக்டர் இலை, காய் ஒன்றையும் பழிக்கவில்லை. "குரக்கன் நல்லது, பாவற்காய் நல்லது, குறிஞ்சா வறை வையுங்கோ, நானும் வீட்டில சாப்பிடுறனான். சாப்பாடு சாப்பாடா இருக்கட்டும். மருந்தா எடுக்கிறதெண்டால் எனக்குச் சொல்லிப்போட்டு எடுங்கோ. மாத்திரை போட்டுட்டுப் பட்டினி கிடக்கப்படாது. அந்தப் பேணியில என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியாது, உமக்கும் தெரியாது, வித்தவனுக்குத் தெரியுமோ தெரியாது." அட்டவணையில் பேனையால் ஒவ்வொன்றாக வெட்டினார். கறுவாக் காப்சியூலும் போயிற்று. மிஞ்சியது மாத்திரையும், சாப்பாடும், காலை மாலை நடையும். பாதத்தைக் கழுவி விரலிடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்து, தினமும் பார்க்கச் சொன்னார். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அலுவலகத்தால் வந்ததும் அம்மாவின் காலை மடியில் வைத்து, மேசை விளக்கைக் கிட்ட இழுத்து, கோவை பார்க்கிற கவனத்தோடு பார்ப்பேன். ஐந்தாம் கிழமை புண் ஆறியது. சீனியும் இறங்கியது, இந்த முறை நிதானமாக.

மெடிக்கல் நாளும் வந்தது. நான் வெளியே போட்டிருந்த வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தேன். அம்மா கொஞ்ச நேரத்தில் வந்தார்.

"கேட்டாங்கள், சொல்லிப்போட்டன்" என்றார்.

"என்னத்தை?"

"சீனி இருக்கு, மாத்திரை போடுறன் எண்டு."

சாறு, இலை, நடை, ஏழு கிழமை எல்லாம் இதற்காகவா? அம்மா வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்து செருப்பின் வாரைப் பூட்டினார். "ஒளிச்சுப் போனால் அங்க போய் எந்த முகத்தோட மாத்திரை கேக்கிறது? அண்டைக்கு றோட்டில நான் ஒண்டும் சொல்லாமல் கிடந்தும் அந்தப் பிள்ளை கண்டுபிடிச்சுட்டாள். எல்லா இடத்திலையும் அப்பிடி ஒருத்தி நிப்பாளோ?"

மூன்று நாள் நான் அம்மாவுடன் சரியாகக் கதைக்கவில்லை. பரிமளம் அக்கா செத்த வீட்டுக்கு வருவது போல வந்துபோனார். அந்த மூன்று நாளும் கோபத்துக்கு அடியில் எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது. ரிஜெக்ட் ஆனால் அம்மா என்னோடுதான் இருப்பார். இதை நான் அப்போது யாருக்கும் சொல்லவில்லை, அம்மாவுக்கும் சொல்லவில்லை.

ரிஜெக்ட் ஆகவில்லை. சில மாதத்தில் கடிதம் வந்தது, விசாவும் வந்தது. சீனி காட்டினால் திருப்பி அனுப்புவார்கள் என்ற கதை வெறும் கதை என்று தெரிந்த பிறகும் ஒழுங்கை அதை விடவில்லை. அம்மாவின் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டு அடுத்து வந்தவருக்கு வெந்தயம் ஊறப்போட்டார்கள். வழியனுப்பப் போகிறவர்களை அப்போது விமான நிலையத்துக்குள் விடமாட்டார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் வீதியோரத்தில் நின்றேன். அம்மாவின் கைப்பையில் மாத்திரையும், சீனி இறங்கினால் மறக்காமல் வாயில் போடச் சொல்லி நான் கொடுத்த நாலு டொபியும் இருந்தன. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்கமாட்டார் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகள். முன்வீட்டில்தான் ரெலிபோன். "கனடா கோல்!" என்று கூப்பிட்டால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவேன். அம்மா ஹலோ சொல்லமாட்டார், சுகம் கேட்கமாட்டார். எடுத்த எடுப்பில் எண்ணைத்தான் சொல்வார். "ஏழு தசம் ரெண்டு." முதல்நாள் நான் பதறிப்போனேன். ஏழு என்றால் ஆள் உயிரோடிருக்க முடியாதே. பிறகுதான் அண்ணா விளங்கப்படுத்தினார், அங்கே அளவு வேறு, பதினெட்டால் பெருக்க வேண்டும் என்று. அன்றிலிருந்து ரெலிபோனுக்குப் பக்கத்தில் கிடக்கிற பேப்பரின் ஓரத்தில் பெருக்குவேன். நூற்று முப்பது. "நல்லம் அம்மா" என்பேன். அதற்குப் பிறகுதான் மற்றக் கதைகள் வரும். பேரப்பிள்ளைகள், பனி, அங்கேயும் பாவற்காய் வாங்கலாம் ஆனால் கைப்புக் காணாது என்கிற முறைப்பாடு. காலில் ஒரு கீறல்கூட இல்லாமல் பதினொரு வருடம் இருந்தார். அந்தப் பதினொரு வருடத்தில் எனக்குக் கனடா விசா இரண்டு முறை மறுக்கப்பட்டது.

இப்போது அந்த ஒழுங்கையில் வீடுகள் இல்லை, எட்டு மாடி பத்து மாடி அப்பார்ட்மென்டுகள்தான். கோட்டைக்குக் கிட்ட பஸ்ஸை யாரும் மறிப்பதில்லை. காத்திருந்தவர்கள் எல்லாரும் எங்கெங்கோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சண்டை முடிகிற வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோல் வந்தது. பேனையையும் பேப்பரையும் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அண்ணாதான் கதைத்தார். அம்மா நித்திரையில் போய்விட்டார், காலையில் எழுப்பப் போனபோதுதான் தெரிந்தது என்றார். நான் பேப்பரின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணா நிறையச் சொன்னார், எண் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எனக்கு எதையும் பதினெட்டால் பெருக்க வேண்டி வந்ததில்லை.